போட்டி ஓவியர்கள் இருவரின் படங்களை ஏன் ஒரே கண்காட்சியில் வைக்கிறார்கள்?

இரண்டு ஓவியர்களின் படங்களை அடுத்தடுத்து மாட்டி, ஒன்றை வைத்து மற்றதைப் பார்க்கச் செய்வதுதான் இணைக் கண்காட்சி. லண்டனில் உள்ள டேட் பிரிட்டன் கலைக்கூடம் 2025-ல் டர்னரையும் கான்ஸ்டபிளையும் இப்படிச் சேர்த்து வைத்தது. இருவரும் இங்கிலாந்தின் இயற்கைக் காட்சி ஓவியர்கள்; டர்னர் பிறந்தது 1775-ல், கான்ஸ்டபிள் 1776-ல்.

காரணம் எளிது. நம் கண் நிறத்தைத் தனியாக அளப்பதில்லை, பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டே அளக்கிறது. ஜவுளிக்கடையில் சிவப்பாகத் தெரிந்த புடவை, நல்ல அரக்குச் சிவப்புக்குப் பக்கத்தில் விரித்ததும் வெளிறிப்போகும், இல்லையா? அதேதான்.

இது அவர்கள் காலத்திலேயே நடந்தது. 1832-ல், ராயல் அகாடமி என்ற லண்டன் கலைஞர் அமைப்பின் கண்காட்சியில், கான்ஸ்டபிளின் வாட்டர்லூ பாலப் படம் சிவப்பும் பொன்னுமாக மின்னியது. அவர் பல வருடம் உழைத்த படம். பக்கத்தில் டர்னரின் சாம்பல் நிறக் கடல். திறப்புக்கு முன்பு டர்னர் வந்தார், தன் கடலில் ஒரு சிவப்புப் பொட்டை வைத்தார், பேசாமல் போய்விட்டார். அந்த ஒரு பொட்டில் கான்ஸ்டபிளின் சிவப்பெல்லாம் மங்கிவிட்டது! “வந்து துப்பாக்கியால் சுட்டுவிட்டுப் போயிருக்கிறார்” என்றாராம் கான்ஸ்டபிள். அப்புறம் டர்னர் திரும்பி வந்து, அந்தப் பொட்டைக் கடலில் மிதக்கும் மிதவையாக மாற்றினார். எனக்கு இது எத்தனை முறை படித்தாலும் சிலிர்க்கும்.

போட்டியாளர்கள் என்றால் ஜென்மப் பகை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் டர்னர் நிறமேற்றிய நீராவியால் தீட்டுகிறார் என்று 1836-ல் வியந்து எழுதியவர் இதே கான்ஸ்டபிள்தான்.