ஃபாயிலில் மீன் சுடலாமா? எலுமிச்சையைத் தட்டில் பிழியுங்கள்

கேள்வி: என் மாமனாருக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. எண்ணெயில் பொரிக்காமல், மொட்டை மாடியில் கரி கிரில்லில் வஞ்சிரத்தையும் காய்களையும் அலுமினிய ஃபாயிலில் பொட்டலம் கட்டிச் சுட்டுக் கொடுக்கிறேன். எலுமிச்சை, தக்காளி, உப்பு, மிளகாய்த்தூள் போட்டுப் பொட்டலத்திலேயே ஒரு மணி நேரம் ஊறவைப்பேன். சில நாள் ஃபாயிலில் பொடிப்பொடியாக ஓட்டை விழுந்திருக்கிறது. மீன் வெந்தாலும் உருளைக்கிழங்கு வேகவில்லை. ஃபாயிலில் சமைத்தால் மறதி நோய் வரும் என்று வேறு பயமுறுத்துகிறார்கள். நிறுத்திவிடவா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: நிறுத்த வேண்டாம், முறையை மாற்றுங்கள். பொட்டலத்துக்குள் மீன் தன் நீராவியிலேயே வேகிறது. ஒரு டீஸ்பூன் எண்ணெய் போதும். கொழுப்பு கரியில் சொட்டிப் புகைவதில்லை, கருகிய தோலும் இல்லை. சர்க்கரை உள்ளவருக்கு நல்ல சமையல் இது.

அந்த ஓட்டைகள் எலுமிச்சையும் தக்காளியும் உப்பும் சேர்ந்து அரித்தவை. அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாதுகாப்புப் படலம் இருக்கிறது. புளிப்பும் உப்பும் அதைக் கரைத்துவிடும், சூடு அதை விரைவுபடுத்தும். அரித்த உலோகம் மீனின் சாறோடு கலந்து வயிற்றுக்குத்தான் போகிறது. ஃபாயிலால் மறதி நோய் வருகிறது என்று யாரும் நிரூபிக்கவில்லை. நாம் விழுங்கும் அலுமினியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட உடம்பில் சேர்வதில்லை, சேர்வதையும் நல்ல சிறுநீரகம் வெளியேற்றிவிடும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2008-ல் வகுத்த அளவு, உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 1 மில்லிகிராம். வாரம் ஒரு நாள், புளிப்பில்லாத பொட்டலத்தால் அந்த அளவைத் தொட முடியாது.

ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களின் கதை வேறு. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் மாமனார் அந்த வரிசையில் இருக்கலாம். பன்னிரண்டு வருடச் சர்க்கரை சிறுநீரகத்தைச் சத்தமில்லாமல் பாதித்திருக்கக்கூடும். வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. வெளியேற வழியில்லாத அலுமினியம் எலும்பிலும் மூளையிலும் தங்கும். சிறுநீரக நோயாளிகள் அலுமினியம் கலந்த வயிற்றெரிச்சல் மருந்தைத் தவிர்க்க வேண்டும் என்பதும் இதனால்தான். எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம் அலுமினியத்தைக் குடல் உறிஞ்சுவதையும் கூட்டிவிடும். ஆக, எலுமிச்சை போட்ட ஃபாயில் இரண்டு வழியிலும் கெடுதல். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரண்டு சோதனைகள், ரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் அல்புமினும், அவருக்குப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று? ஒரு வருடத்துக்கு மேல் என்றால் முதலில் பாருங்கள். பழுது இருந்தால் உணவில் ஃபாயில் படவே வேண்டாம். அப்போது வஞ்சிரமும் உப்பும் எவ்வளவு என்பதையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பழுது இல்லாவிட்டாலும், நெருப்பில் வாட்டிய வாழை இலையில் மீனைச் சுற்றி, அதற்கு மேல் ஃபாயில் கட்டுங்கள். தஞ்சாவூரில் இலைக்கா பஞ்சம்?

அடுத்தது நீங்கள் வாங்கும் ஃபாயில். பார்சல் கட்டும் 'சில்வர் பேப்பர்' பல கடைகளில் ஃபாயில் என்றே விற்கப்படுகிறது. அதில் பல தாள்களில் உள்பக்கம் பிளாஸ்டிக் படலமோ காகிதமோ ஒட்டியிருக்கும். சூடான பரோட்டாவுக்குச் சரி, கரி நெருப்பில் பிளாஸ்டிக் உருகி மீனில் ஒட்டும். ஓரத்தில் சிறு துண்டு கிழித்துத் தீக்குச்சி காட்டுங்கள். சுத்தமான ஃபாயில் பற்றி எரியாது, நாற்றம் வராது. சுருண்டு புகைந்தால் வேண்டாம்.

எடையில் நடக்கும் ஏமாற்று அடுத்தது. 'ஒரு கிலோ ரோல்' என்று கொடுப்பதில் அட்டைக் குழலும் பெட்டியும் சேர்ந்த எடையாக இருக்கும். நிகர எடையை அச்சிட வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகள் சொல்கின்றன. உணவுக்கான ஃபாயிலுக்கு ஐ.எஸ். 15392 என்ற இந்தியத் தரமும் இருக்கிறது. இத்தனை இருந்தும், தடிமனைச் சொல்லும் மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) எண்ணே இல்லாத ரோல்கள் கடைத்தெருவில் தாராளமாகப் புழங்குகின்றன. வாங்குகிறவர் மனு எழுதினால்தான் சோதிக்க ஆள் வருவார் என்றால் அந்த விதி எதற்கு? நீங்களே சோதியுங்கள். 30 செ.மீ. அகல ரோலில் 1 மீட்டர் வெட்டிச் சமையல் தராசில் வையுங்கள். 9 கிராம் அளவில் இருந்தால் 11 மைக்ரான், 14 அல்லது 15 கிராம் என்றால் 18 மைக்ரான். 6, 7 கிராம்தான் வருகிறதென்றால் அது கிரில்லுக்குத் தாங்காது, கம்பியில் உரசியே கிழியும். கரி நெருப்புக்கு 18 மைக்ரான் வேண்டும். 11 மைக்ரான் என்றால் இரண்டு அடுக்கு. பளபளப்பான பக்கம்தான் உணவுத் தரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடைசியில் இரண்டு தகடுகளைச் சேர்த்து உருட்டுவதால் ஒரு பக்கம் மங்குகிறது, அவ்வளவுதான்.

இனி சமையல். 2 செ.மீ. தடிமன் வஞ்சிரத் துண்டு 150 கிராமுக்கு மிளகு, சீரகம், தட்டிய பூண்டு, இஞ்சி, கறிவேப்பிலை, கால் டீஸ்பூன் மஞ்சள், ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய். உப்பு ஒரு சிட்டிகை மட்டும். புளி, தயிர், தக்காளி எதுவும் பொட்டலத்துக்குள் வேண்டாம். ஊறவைப்பதைக் கண்ணாடிப் பாத்திரத்தில், ஃபிரிட்ஜில் செய்யுங்கள். 45 செ.மீ. நீள ஃபாயிலின் நடுவில் இலைப் பொட்டலத்தை வைத்து, நீள ஓரங்களைச் சேர்த்து இரண்டு மடிப்பு மடியுங்கள், பிறகு இரு பக்கங்களையும். மேலே இரண்டு விரல் இடைவெளி விடுங்கள்; நீராவிக்கு இடமில்லாவிட்டால் மடிப்பு பிரிந்துவிடும். மடிப்பு மேலே இருக்கட்டும். புரட்ட வேண்டாம், சாறு ஒழுகும்.

கரி சாம்பல் பூத்த பிறகே பொட்டலத்தை வையுங்கள். கம்பிக்கு ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையை 5 வினாடி பிடிக்க முடிந்தால் சூடு சரி. மீனுக்கு 12 நிமிடம், இலை தடிமனாக இருந்தால் இன்னும் 2, 3 நிமிடம். நடுவில் 63 டிகிரி செல்சியஸ் வந்தால் வெந்துவிட்டது. வெப்பமானி இல்லையென்றால் முள்ளிலிருந்து சதை தானாகக் கழன்று வெள்ளையாக இருக்க வேண்டும். உருளைக்கிழங்கு பச்சையாக வேக அரை மணி நேரமாவது பிடிக்கும், மீனோடு ஒரே பொட்டலத்தில் எப்படி ஒத்துப்போகும்? சர்க்கரைக்காரருக்கு அது அவசியமும் இல்லை. பீன்ஸ், கேரட்டைத் தீக்குச்சி போல நறுக்குங்கள். குடைமிளகாய், காளான் அப்படியே போகலாம். தண்ணீர் ஊற்ற வேண்டாம், காளான் தானே விடும்.

பொட்டலத்தை முகத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறங்கள், நீராவி கையைச் சுட்டுவிடும். தட்டுக்கு மாற்றிய பிறகு எலுமிச்சையும் மீதி உப்பும். மிஞ்சியதை ஃபாயிலோடு ஃபிரிட்ஜில் வைக்காமல், மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றி மறுநாளே முடித்துவிடுங்கள்.