நெட்வொர்க் பாக்கெட் 180 நாள் இருக்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். போலீஸ் கேட்கிறது, இல்லை!

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் ஐ.டி. பொறுப்பில் இருக்கிறேன். 42 நாளுக்கு முன் எங்கள் மெயில் கணக்கு ஒன்றிலிருந்து வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் போலி வங்கிக் கணக்கு எண் போயிருக்கிறது. அன்றைய நெட்வொர்க் பதிவுகளைத் தரும்படி சைபர் கிரைம் போலீஸ் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. நாங்கள் வைத்திருப்பது ஆர்கிமி, அதாவது நெட்வொர்க்கில் ஓடும் தரவுத் துண்டுகளை (பாக்கெட்) அப்படியே பதிந்து, தேடித் தரும் மென்பொருள். தேடினால் அந்த நாளின் இணைப்புகள் பட்டியலில் வருகின்றன. திறந்தால் பாக்கெட் காலி. ஆனால் கடந்த ஆண்டு ஆடிட்டரிடம் "பாக்கெட் 180 நாள் சேமிக்கப்படும்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். என் மேல் வழக்கு வருமா?

பதில்: பாக்கெட் அழிந்துபோனது மட்டுமே காரணம் என்றால், வராது. இனிமேல் நீங்கள் செய்வதைப் பொறுத்து வரலாம்.

முதலில் 180 நாள் கணக்கு. இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 28.04.2022 அன்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் 70பி(6) பிரிவின் கீழ் பிறப்பித்த உத்தரவு, கணினி அமைப்புகளின் லாக்குகளைத் தொடர்ச்சியாக 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. எந்த லாக் என்பதற்கு அதன் கேள்வி-பதில் விளக்கத்தில் ஒரு பட்டியல் உண்டு: ஃபயர்வால், ஊடுருவல் தடுப்பு, மெயில், பிராக்ஸி, வி.பி.என். இப்படிப் போகும். முழு பாக்கெட் பதிவு அந்தப் பட்டியலில் இல்லை. லாக் என்பது யார், எப்போது, எங்கே போனார் என்ற குறிப்பு. பாக்கெட் என்பது போன சரக்கே. இரண்டையும் ஒன்றாக நினைத்து ஆடிட்டருக்கு எழுதியதுதான் உங்கள் நிறுவனம் செய்த தவறு. அது சட்டம் கேட்காத வாக்குறுதி.

நிறைவேற்றவும் முடியாத வாக்குறுதி. உதாரணமாக, நொடிக்குச் சராசரி 150 மெகாபிட் ஓடும் லைனில் ஒரு நாளைக்கு 1.62 டெராபைட் சேரும். 32 டெராபைட் டிஸ்கில் ஆர்கிமி இயல்பாக 5 சதவீதம் காலியாக வைத்துக்கொண்டு பழைய கோப்புகளை நீக்கிவிடும். மிஞ்சுவது ஏறத்தாழ 19 நாள். 180 நாளுக்கு 290 டெராபைட்டுக்கு மேல் வேண்டும். இங்கே காலத்தைத் தீர்மானிப்பது காலண்டர் அல்ல, டிஸ்கின் இடம். பேக்கப் ஓடும் வாரத்தில் இந்த 19 நாள் இன்னும் குறையும்.

பட்டியலில் இணைப்பு தெரிந்தும் பாக்கெட் வராததற்குக் காரணம், அவை இரண்டும் வெவ்வேறு இடத்தில் இருப்பது. இணைப்புக் குறிப்பு தரவுத்தளத்தில் தனக்கென்று ஒரு காலக்கெடுவோடு கிடக்கும், பாக்கெட் டிஸ்கில். திரையில் பழைய தேதி வருவதைப் பார்த்து "இவ்வளவு நாள் இருக்கிறது" என்று சொல்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். உண்மையை அறிய, ஆர்கிமியின் ஃபைல்ஸ் பக்கத்தில் மிகப் பழைய கோப்பு எது, அதன் தொடக்கத் தேதி என்ன என்று பாருங்கள். பிறகு அந்தக் கோப்பையே, பாக்கெட் கோப்பின் விவரம் காட்டும் கேப்இன்போஸ் கருவியில் கொடுத்து முதல் பாக்கெட்டின் நேரத்தைச் சரிபாருங்கள். கடைசியாக, அந்த நாளின் ஒரு இணைப்பைத் திறந்து உள்ளடக்கம் வருகிறதா என்றும் பாருங்கள். மூன்றும் ஒத்துப்போனால்தான் அந்தத் தேதியை எழுத்தில் கொடுக்கலாம். நேரம் உலகப் பொது நேரமா (யு.டி.சி.) இந்திய நேரமா என்று குறிப்பிட மறக்காதீர்கள். ஐந்தரை மணி நேர வித்தியாசத்தில் நள்ளிரவுச் சம்பவம் வேறு தேதிக்குப் போய்விடும்.

இனி நோட்டீஸ். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 94வது பிரிவில் வந்திருந்தால், உங்கள் வசம் இருப்பதைத் தர வேண்டும். இல்லாததை உருவாக்கித் தர வேண்டியதில்லை. ஆனால் நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு டிஸ்கில் பழைய பதிவுகள் தானாக அழிய விட்டால் கதை மாறும். சான்றாகக் கேட்கப்படக்கூடிய மின்னணுப் பதிவை, அது முன்வைக்கப்படாமல் தடுக்கும் நோக்கத்தோடு அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதா (தண்டனைச் சட்டம்) 241வது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். நோட்டீசுக்கு முன் இயல்பாக அழிந்ததில் நோக்கம் இல்லை. நோட்டீசுக்குப் பின் அழிந்ததில் நோக்கம் இல்லை என்று நிரூபிக்க நீங்கள்தான் அலைய வேண்டியிருக்கும்.

ஆகவே இன்றே சம்பவ நாளின் இணைப்புக் குறிப்புகளையும், ஃபயர்வால், மெயில் சர்வர் லாக்குகளையும் வேறு டிஸ்கில் நகல் எடுங்கள். இந்த வழக்கில் யார் எங்கிருந்து அந்த மெயில் கணக்கில் நுழைந்தார் என்பதைச் சொல்லப்போவது மெயில் லாக்தான். மெயில் இணைப்பு குறியாக்கத்தில்தானே போகும். பாக்கெட் இருந்திருந்தாலும் பெரிதாகப் படித்திருக்க முடியாது. இணைப்புக் குறிப்புகள் தானாக அழியும் காலக்கெடுவையும் நிறுத்தி வையுங்கள். ஒவ்வொரு நகலுக்கும் எஸ்.எச்.ஏ. 256 ஹேஷ் (கோப்பு மாறவில்லை என்று காட்டும், கைரேகை போன்ற குறியீடு) எடுத்து, எடுத்தவர் பெயர், நேரம் எழுதுங்கள். பாரதிய சாக்ஷ்ய அதினியம் (சாட்சியச் சட்டம்) 63வது பிரிவின் சான்றிதழில் அந்த ஹேஷைக் கேட்கிறார்கள். பகுதி அ-வில் சாதனத்துக்குப் பொறுப்பானவர், அதாவது நீங்கள், பகுதி ஆ-வில் நிபுணர் கையொப்பமிட வேண்டும். சான்றிதழ் இல்லாமல் லாக்கைக் கொடுத்துவிட்டு வந்தால், விசாரணையில் எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அதைத்தான்.

பதில் கடிதத்தை நிர்வாகத்தின் பெயரில், வழக்கறிஞர் பார்த்த பின் அனுப்புங்கள். "பாக்கெட் பதிவு டிஸ்கின் கொள்ளளவைப் பொறுத்துச் சுழற்சியாக அழிகிறது, நோட்டீஸ் பெற்ற அன்று இருந்த மிகப் பழைய பாக்கெட் இந்தத் தேதியுடையது, கேட்கப்பட்ட நாளின் பாக்கெட் அதற்கு முன்பே நீங்கிவிட்டது, லாக்குகள் இத்துடன்" என்றால் போதும். ஆர்கிமியின் அமைப்புக் கோப்பின் (செட்டிங்ஸ்) நகலையும் இணையுங்கள். ஆடிட்டரிடம் கொடுத்த 180 நாளைக் காப்பாற்றத் தேதியைத் திருத்தும் யோசனையை யாராவது சொன்னால், அவர் உங்கள் மேலாளராகவே இருந்தாலும், மறுப்பை மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள்.

ஆடிட்டருக்குத் தனியாக ஒரு திருத்தக் கடிதம்: லாக் 180 நாள், பாக்கெட் இடம் உள்ள வரை. பாக்கெட்டை நீட்டிக்க டிஸ்க் வாங்கும் முன் ஒன்றை யோசியுங்கள். அதில் ஊழியர்களின் சொந்த விவரங்களும் சிக்கும். நுண்ணுணர்வுள்ள தனிநபர் தகவலைத் தேவைக்கு மேல் வைக்காதே என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2011 தனிநபர் தகவல் விதிகளின் 5(4) சொல்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2025 நவம்பரில் வெளியாகியுள்ளன. அவற்றில் லாக்குகளை ஓராண்டு வைக்கச் சொல்லும் விதி, வெளியான 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகிறது. எனவே பணத்தை லாக் சேமிப்புக்கு ஒதுக்குவதே சரி.