எத்தனை முறை சொன்னாலும் ஆட்கள் வேலையைத் தப்பாகவே செய்கிறார்கள், என்ன செய்வது?

ஐந்து பேர் வேலை பார்க்கும் சிறு நிறுவனம், சொன்னது ஒன்று நடப்பது ஒன்று என்கிறீர்கள். சரி, திட்டுவதற்கு முன்னால் சொன்ன விதத்தைப் பாருங்கள். ‘சீக்கிரம் முடிச்சிடுங்க’ என்றால் உங்களுக்கு மாலை 4 மணி, அவருக்கு நாளைக் காலை. எது, எத்தனை, எத்தனை மணிக்குள் என்று சொல்லுங்கள்.

‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் யாரும் தலையாட்டத்தான் செய்வார்கள். ‘எப்படிச் செய்யப் போறீங்க, சொல்லுங்க’ என்று கேளுங்கள். விமானிகள்கூடக் கட்டுப்பாட்டு அறை தரும் அனுமதியைத் திருப்பிச் சொல்லித்தான் உறுதி செய்கிறார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்புறம், நீங்களும் பங்குதாரரும் ஒரே ஊழியருக்கு வேறு வேறு உத்தரவு போடாதீர்கள். தப்பு நடந்தால் வாடிக்கையாளர் முன்னால் கண்டிப்பது வேண்டவே வேண்டாம். அன்றைக்கே தனியாகக் கூப்பிட்டு, நடந்ததை மட்டும் பேசுங்கள். பழைய கதையை இழுத்தால் அடுத்த தப்பை உங்களிடம் மறைக்கத்தான் பார்ப்பார்.