பெரியவங்க பக்குவத்தப் பத்தி மொதல்ல பேசுவோம்

கேள்வி: எங்க ஊர் திருவிழாவுக்கு இளைஞர் மன்றத்துப் பசங்க அரிச்சந்திரா நாடகம் போடுறாங்க. சந்திரமதி வேஷத்த பிளஸ் ஒன் படிக்கிற பொண்ணுக்குக் குடுத்துட்டாங்க. பிள்ளையப் பறிகுடுத்த தாய் வேஷம்யா அது, அந்த வயசுல அந்தப் பக்குவம் எங்க இருக்கும்? பெரியவங்க யாராச்சும் கட்டக்கூடாதா?
– வாசகர், தேவிபட்டினம்

பதில்: பெரியவங்களா? தொண்டியிலருந்து சாயல்குடி வரைக்கும் ஊர் ஊரா நாடகம் பாத்துட்டுத்தான் சொல்றேன், நம்ம பக்கம் நாடகத்தக் கெடுத்ததுல பெரியவங்க பங்குதான் பெருசு. நன்கொடை அதிகமா எழுதுனவரு ராஜபார்ட் எனக்குத்தான்னு நிப்பாரு, ஒத்திகைக்கு வரமாட்டாரு, வந்தாலும் செல்போன் அடிச்சா எந்திரிச்சுப் போயிருவாரு, பாடம் ஒரு வரி ஏறாது, கடைசியில திரைக்குப் பின்னாடி ஒருத்தன் நோட்ட வச்சு வரிவரியா எடுத்துக் குடுக்கணும், அது மைக்குல நமக்கு மொதல்ல கேக்கும், அப்புறந்தான் அரிச்சந்திரன் வாயத் தொறப்பாரு. அரிச்சந்திரன் மகன் லோகிதாசனா வர்ற அஞ்சாப்புப் பய தன் பாடத்தோட அவரு பாடத்தையும் சேத்து மனப்பாடமா வச்சிருப்பான். பம்மல் சம்பந்த முதலியார் 1891ல சென்னையில சுகுண விலாச சபாவ ஆரம்பிச்சப்போ அவருக்கு வயசு 18. தமிழ்ல அமெச்சூர் நாடகத்துக்கு அடித்தளம் போட்டதே அந்த வயசுதான்யா.

போன வருஷம் பாம்பன் பக்கம் ஒரு ஒத்திகை பாத்தேன். லோகிதாசன் பய காய்ச்சல்னு வரல, மயான காண்டத்துக்கு ஒரு பழைய சேலையச் சுருட்டிக் குடுத்தாங்க. சந்திரமதிக்கு அங்கயும் பிளஸ் ஒன் வயசுதான். வாங்குன உடனே அவ உள்ளங்கை தானாப் போயி பிடரி இருக்க வேண்டிய எடத்தத் தாங்குச்சு, யாரும் சொல்லிக் குடுக்கல. அம்மா கடல்ல பாசி எடுக்கப் போற நாளெல்லாம் தம்பியத் தூக்கி வளத்த கை அது.

அதுக்காக சின்னப் பிள்ளைங்கள என்ன பாடும் படுத்தலாம்னு நான் சொல்லல. சின்னப் பசங்கள வச்சே நாடகம் போட்ட அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனியில பசங்க வீட்ட விட்டு வந்து, அடி வாங்கிப் பாடம் படிச்சாங்க, மகரக்கட்டு வந்து தொண்டை உடைஞ்சா பாட்டும் போச்சு, வேஷமும் போச்சு. ஆறு வயசுல 1918ல சங்கரதாஸ் சுவாமிகள் சபாவுல சேந்த அவ்வை சண்முகம் மாதிரி பெரிய நடிகரெல்லாம் அங்கருந்துதான் வந்தாங்க, ஆனா அந்தக் கொடுமை திரும்ப வேணாம். உங்க மன்றத்துப் பசங்களுக்குத் தொண்டை உடையுற வயசுன்னா ஆர்மோனியக்காரர்கிட்டச் சொல்லி சுருதியக் கொறைங்க, பள்ளிக்கூட நாள்ல ராத்திரி ஒத்திகைய நீட்டாதீங்க. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும், விசைப்படகெல்லாம் கரையில நிக்கும், மே மாசம் பள்ளிக்கூடமும் லீவு, பகல்லயே பாடம் பாக்கலாம்.

இன்னொண்ணு. அந்தப் புள்ள மயானத்துல பிள்ளையக் கிடத்தி அழுதுட்டு இருக்கும், அப்பப் பாத்து ஒருத்தர் மைக்கப் புடுங்கி இன்னார் அன்பளிப்பு 501 ரூபாய்னு அறிவிப்பாரு, இன்னொருத்தர் மேடையேறி சேலையில நோட்டுக் குத்துவாரு. இதப் பத்தி இந்தப் பக்கத்துல எத்தனையோ தடவ எழுதிட்டேன், ஒரு விழாக் கமிட்டியும் காதுல போட்டுக்கல. அன்பளிப்பையெல்லாம் நாடகம் முடிஞ்சப்புறம் மொத்தமா வாசிக்கணும்னு உங்க ஊர் கமிட்டிக்காரங்ககிட்ட இப்பவே பேசி முடிச்சு வைங்க.