ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் சர்க்கரை எதற்கு? வயிற்றுப்போக்குக்கு உப்புத் தண்ணீர் மட்டும் கொடுத்தால் போதாதா?

போதாது. அந்தச் சர்க்கரை ருசிக்காகச் சேர்ப்பது இல்லை. நான் பதினொன்றாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். செல் சவ்வு பாடம் வந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றைக் கையோடு கொண்டுபோவது என் வழக்கம்.

செல் சவ்வு கொழுப்பால் ஆனது. ஆக்சிஜன் அதில் சுலபமாகப் புகுந்துவிடும். மின்னூட்டம் உள்ள சோடியத்தாலும் உருவில் பெரிய குளுக்கோஸாலும் அது முடியாது. அவற்றுக்கென்று புரதத்தால் ஆன வாசல்கள் வேண்டும். சிறுகுடல் செல்லில் அப்படி ஒரு வாசல் இருக்கிறது, பெயர் எஸ்ஜிஎல்டி1. இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் அது உள்ளே விடும். செல்லின் மறுபக்கத்தில் ஒரு பம்ப் ஓயாமல் 3 சோடியத்தை வெளியே தள்ளி, 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. அதனால் செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவு. அந்தக் குறைவுதான் குடலில் இருக்கும் சோடியத்தை உள்ளே இழுக்கிறது, குளுக்கோஸும் கூடவே வருகிறது. இரண்டும் போன பக்கம் தண்ணீரும் போகும்.

காலரா நச்சு குளோரைடு வெளியேறும் வழியைத் திறந்துவிடும். தண்ணீர் கொட்டும். ஆனால் இந்த ஜோடி வாசலை அது தொடுவதில்லை! 1971-இல் மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் சலைன் தீர்ந்தபோது டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, சர்க்கரை கலந்த நீரைத்தான் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் அது நான்குக்கும் கீழே வந்தது.

அளவு மட்டும் தப்பக் கூடாது. என் மகளுக்கு ஒன்றரை வயதில் வயிற்றுப்போக்கு வந்தபோது, சீக்கிரம் சரியாகட்டும் என்று அம்மா ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கிவிட்டார். அது கிட்டத்தட்ட ஐந்து மடங்கு அடர்த்தி. ரத்தத்தைவிட அடர்த்தியான கரைசல் குடலுக்குள் போனால் உடம்பிலிருக்கும் தண்ணீரையும் குடலுக்கு இழுத்துவிடும். நல்லவேளை, கொடுக்கும் முன்பே பார்த்துவிட்டேன். லிட்டர் பாட்டிலில் அளந்து மறுபடி கலக்கினேன். முதல் இரண்டு ஸ்பூனை வாந்தி எடுத்தாள். பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாக, ஒவ்வொரு ஸ்பூனாகக் கொடுத்தோம். (குழந்தை துவண்டு கிடந்தாலோ குடிக்கவே மறுத்தாலோ காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.)

காலையிலிருந்து சிறுநீர் போகாதவள், சாயங்காலம் அம்மாவின் மடியை நனைத்தாள். அம்மா சேலையை மாற்றக்கூட எழுந்திருக்கவில்லை.