கேளுங்க, தேரடி அக்கா சொல்றேன்!

கே: கலகலப்பா ஒரு காதல் தொடர்கதை எழுத ஆசை. சின்ன ஊரில் நடந்தால்தான் எடுபடும் என்கிறாள் தோழி. எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்க வடசென்னை ஏரியாதான். கதையைக் கும்பகோணத்துக்கு மாத்திடவா அக்கா?
- வாசகி, தண்டையார்பேட்டை

ப: எதுக்குக் கண்ணு கும்பகோணம்? பஸ் ஸ்டாப்பில் ஒரு பையனும் பொண்ணும் நின்னு பேசினால், அவங்க வீட்டுக்குப் போறதுக்குள்ள சேதி போயிருக்கணும். அதுதானே சின்ன ஊரு? நம்ம தெருவில் அது தினமும் நடக்குது. சினிமாக்காரங்கதான் இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் மறக்காம அரிவாளை எடுத்துக்கிட்டு வர்றாங்க.

பையனைக் காசிமேட்டு விசைப்படகில் ஏத்து. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஐயா கரையில்தான் இருப்பார். காலையில் படகுக்கு பெயின்ட், சாயங்காலம் கேரம் போர்டு. தடை முடிஞ்சு படகு கிளம்புறதுக்குள்ள மனசில் இருக்கிறதைச் சொல்லியாகணும். வில்லனே வேண்டாம், காலண்டர் போதும்.

முதல் சந்திப்பை பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ கடையில் வை, அதான் பர்மா நூடுல்ஸ். நூடுல்ஸ், கோஸ், பொரிச்ச வெங்காயம், புளித்தண்ணி எல்லாத்தையும் கடைக்காரர் கையாலேயே பிசைஞ்சு, மேல பேஜோங்கிற மொறுமொறு பலகாரத்தை நொறுக்கிப் போடுறார். அவள் "காரம் தூக்கலா போடுண்ணா" என்கிறாள். பக்கத்தில் நிக்கிறவன் சும்மா இருப்பானா? "எனக்கும் அதே." ரெண்டாவது வாயிலேயே மூக்கு ஒழுகுது. அவள் சிரிக்காமல், தன் வாழைத்தண்டு சூப்பை அவன் பக்கம் தள்ளி வைக்கிறாள். முதல் அத்தியாயத்துக்கு இது போதும்.

அப்புறம் மெட்ரோ. வண்ணாரப்பேட்டை - விம்கோ நகர் பாதையைத் திறந்ததே 2021 பிப்ரவரி 14. நானா தேதி குறிச்சேன்?

கே: நம்ம பக்கம் பழைய காதல் கதை ஏதாவது உண்டா அக்கா?
- வாசகர், திருவொற்றியூர்

ப: கோயிலுக்குப் பக்கத்திலேயே இருந்துக்கிட்டு என்னைக் கேட்கிறீங்களே தம்பி! சுந்தரருக்குத் திருவாரூரில் பரவையார் இருக்காங்க. இங்கே வந்து சங்கிலியார் மேல ஆசைப்பட்டார். உன்னைப் பிரியமாட்டேன்னு சந்நிதியில் சத்தியம் செய்யணும். இவர் சிவனிடம் போய், "நான் சத்தியம் பண்ணும்போது நீர் மட்டும் மகிழ மரத்தடிக்குப் போயிடும்" என்றார். சிவனும் சரின்னுட்டு, நேரா சங்கிலியாரிடம் "மகிழ மரத்தடியில் சத்தியம் கேள்" என்று போட்டுக் கொடுத்துட்டார். மனுஷன் வசமா மாட்டினார். பிறகு சத்தியத்தை மீறி ஆரூருக்குக் கிளம்பினப்போ கண் பார்வையே போச்சு என்கிறது பெரியபுராணம். மாசித் திருவிழாவில் மகிழடி சேவை பார்த்திருப்பீங்களே, அது இந்தக் கல்யாணக் கதைதான். சிநேகிதனைத் தூது விடுறவங்க அவசியம் போய்ப் பார்க்கணும்.

கே: என் கதையில் நாயகி ராயபுரம், நாயகன் அண்ணா நகர். பொண்ணு வீட்டில் ஒத்துக்குவாங்களா?
- வாசகி, பெரம்பூர்

ப: ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அவனைக் காசிமேட்டுக்கு அனுப்பி வஞ்சிரம் வாங்கி வரச் சொல்லும்மா. செவுளைத் தூக்கிப் பார்த்து, பாதி விலைக்குக் கேட்டால் அன்னிக்கே நிச்சயதார்த்தம். சொன்ன விலைக்கு ஜிபே பண்ணிட்டு வந்தால், இன்னும் நாலு வாரம் கதையை இழுக்கணும்.