பாயின்ட் 22 ரைபிளுக்கு மெக்னம் தோட்டா போடலாமா?

மட்டக்களப்பு படுவான்கரையில் வெல்லாவெளிப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "காலமான அப்பாவிடம் லைசென்ஸோடு ஒரு பாயின்ட் 22 ரைபிள் இருந்தது. வயலுக்குப் பன்றி வருகிறது. பாரலை லேத்தில் கொஞ்சம் குடைந்து மெக்னம் தோட்டா போட்டால் பன்றி விழும், 6-24×50 ஸ்கோப்பும் தருகிறேன் என்கிறார் ஒருவர். எடுக்கலாமா?"

வேண்டாம். இரண்டுமே வேண்டாம்.

ரெண்டும் 22 தானே என்று சொல்லித்தான் இந்த ஆட்கள் பிழைக்கிறார்கள். 22 என்பது சன்னத்தின், அதாவது பாய்ந்து போகும் குண்டின் பருமன், ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர். அதைப் பிடித்திருக்கும் மருந்துக் கூடான கோது வேறு. அப்பாவின் லோங் ரைபிள் தோட்டாவுக்குக் கோது 5.7 மி.மீ., மெக்னத்துக்கு 6.1, நீளமும் கூட. சன்னத்தின் எடை இரண்டிலும் 2.6 கிராம் அளவுதான், ஆனால் முன்னது நொடிக்கு 330 முதல் 380 மீட்டர் போகும், மெக்னம் 570 அளவில் போகும். குடைந்தால் மெக்னம் உள்ளே போகும், சரி. அதன் பெரிய விளிம்புக்கும் உதைக்கும் உங்கள் துவக்கின் போல்ட், அதாவது தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் பூட்டு, செய்யப்பட்டதா? பிறகு ஒருநாள் பழைய தோட்டாவையே போடுவீர்கள், அது தளர்ந்து நின்று கோது வெடித்து சுடுவாயு முகத்துக்கு வரும்.

அப்படிச் செய்தாலும் பன்றி விழாது, காயத்தோடு ஓடி வரம்பில் நிற்கிறவர் மேல் பாயும். தவறிய சன்னமோ 2 கிலோமீட்டருக்கு மேலும் போகக்கூடியது, படுவான்கரை வயலில் தடுக்க மண்மேடும் இல்லை, தண்ணீரில் பட்டால் தெறித்து எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஸ்கோப்பில் முதல் எண் பெருக்கம், கடைசி எண் முன்கண்ணாடியின் அகலம். 24 மடங்கில் 50 மி.மீ. கண்ணாடி கண்ணுக்குத் தரும் ஒளிவட்டம் வெறும் 2 மி.மீ., பொழுது சாயும்போது இருட்டாகத்தான் தெரியும். 50 மீட்டர் தூரத்துக்கு 4×32 தாராளம், ஆனால் பரலக்ஸ், அதாவது கண் நகர்ந்தால் குறி நகரும் பிழை, 50 யார்ட் தூரத்துக்குச் சரிசெய்த ரிம்ஃபயர் (22 போன்ற சிறு தோட்டாத் துவக்குக்கான) ஸ்கோப்பா என்று கேளுங்கள், 100 யார்ட்டுக்கு வைத்ததென்றால் கண் சற்று நகர்ந்தாலே குறியும் நகரும். ஒரு விதிவிலக்கு, ஸ்பிரிங் காற்றுத் துவக்கு: அது பின்னும் முன்னுமாக இரண்டு தரம் உதைக்கும், பெரிய ரைபிளின் உதையைத் தாங்கும் நல்ல ஸ்கோப்பே அதில் கழன்றுவிடும். "ஏயார் ரைபிளுக்கும் இதுவே போதும்" என்று விற்கிறவரிடம் அதை எழுதித் தரச் சொல்லுங்கள், தரமாட்டார்.

எல்லாவற்றுக்கும் முதல், லைசென்ஸ் அப்பாவின் பெயரில் இருந்தது. துவக்கு வீட்டில் இருக்கிறது என்பதற்காக அது உங்களுக்கு வராது. பொலிஸுக்கும் கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) அறிவியுங்கள், உங்கள் பெயரில் லைசென்ஸ் கிடைக்கும்வரை ஒரு வெடியும் வைக்கவேண்டாம். ஜீ.எஸ்.ஸிடம் (கிராம சேவகர்) ஒரு கடிதம், பொலிஸில் ஒரு அறிக்கை, கச்சேரியில் "நாளைக்கு வாங்க", இதற்குள் ஒரு போகம் அறுவடையே முடிந்துவிடும், இந்த இழுத்தடிப்பால்தான் தரகர்களுக்கு இவ்வளவு மவுசு. "லைசென்ஸை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிற ஆள் பிடிபடும் நாளில் உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கமாட்டார். ஸ்கோப்புக்கு முற்பணம் கொடுத்திருந்தால் இந்தக் கிழமையே திருப்பிக் கேளுங்கள்.